ஊசி முனையும் கடைசி வரிசையும்



இந்த இதழ் ஒன்றரை மாதம் தள்ளி உங்கள் கைக்கு வருகிறது. அச்சகத்துக் கடன் ஒரு காரணம். இந்தத் தலையங்கத்தை நான் இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டது இன்னொரு காரணம். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியைப் பற்றி எழுதுகிறேன். ஒரு சொல் பிசகினாலும் நம்ம தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தோடுதான் இப்போதும் எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை. தங்கச்சி மகளின் கைக்குழந்தைக்கு ஒன்பதாம் மாசத்து ஊசி. துணைக்கு நானும் போயிருந்தேன். அன்றைக்குப் பார்த்து எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு ஆய்வுக் குழு வந்து இறங்கியது. கையில் படிவம். சிரிஞ்சு இருப்பு எவ்வளவு? ஊசி வெட்டுற கருவி வேலை செய்யுதா? மருந்துப் பெட்டியில ஐஸ் கட்டி நாலும் இருக்கா? கலக்கின மருந்துப் புட்டி மேல நேரம் எழுதியிருக்கா? திடீர் அலர்ஜி வந்தா போடுற அட்ரினலின் எங்கே, அதோட காலாவதித் தேதி என்ன? நர்சம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இருபது வருசத்துக்கு மேல் சர்வீஸ். கை நடுங்கவில்லை. எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது. "நல்ல தயார்நிலையில இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்தக் கேள்விகளை நான் பழிக்கவில்லை. அத்தனையும் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் படிவத்தில் இல்லாத மூன்று கேள்விகள் அன்றைக்கே என் மனசில் ஒட்டிக்கொண்டன. பதிவேட்டில் பெயர் இருந்தும் இன்றைக்கு வராத பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? வெட்டிப்போட்ட ஊசி நிறைந்த டப்பாவைத் தூக்கப்போகிற கை யாருடைய கை? நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் அது யார் தலையில் விடியும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுத இடமில்லாத படிவம் எதனுடைய தயார்நிலையை அளக்கிறது?

எனக்கு நினைவு தெரிந்த முதல் ஊசி பள்ளிக்கூடத்தில் போட்டது. கண்ணாடி சிரிஞ்சு. மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு தகரச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். கொதித்தது எத்தனை ஊசி, குத்தியது எத்தனை கை என்று அன்றைக்குக் கணக்குப் பார்க்க எனக்குத் தெரியாது. ஒருத்தனுக்குக் குத்தி, ஸ்பிரிட் பஞ்சில் துடைத்து, அடுத்தவனுக்குக் குத்தினார்கள். ஊர்த் தெருப் பிள்ளைகள் முதலில். காலனிப் பிள்ளைகள் கடைசியில். வாத்தியார் அப்படித்தான் வரிசை கட்டினார். எங்கள் முறை வரும்போது ஊசி மழுங்கிப் போயிருக்கும். தோலுக்குள் இறங்காது. அழுத்தித்தான் குத்துவார்கள். "சேரிப் பசங்களுக்குத் தோலு கெட்டி" என்று கம்பவுண்டர் சிரித்தார். கெட்டியாக இருந்தது தோல் இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர்களின் ரத்தத்தில் இருந்த நோயெல்லாம் கடைசி வரிசைக்கு வந்து சேரும் என்பது அதற்கும் பிறகு.

எப்போதும் நாம் கடைசி வரிசையில் இருந்ததில்லை. ஒரு காலத்தில் முதல் வரிசையிலேயே நிறுத்தப்பட்டோம். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மைப்பால் குத்தினார்கள். இந்த மண்ணில் பெரியம்மைக்குப் போட்ட முதல் தடுப்பு அதுதான். அவள் கையில் எழும்பிய கொப்புளத்தின் நீரை எடுத்து மற்றவர்களுக்கு, அவர்கள் கையிலிருந்து இன்னும் பலருக்கு என்று நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். கைக்குக் கை குத்துவது என்று அதற்குப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அந்த முறைதான். கொப்புளத்தைக் கீற நிஜமான பிள்ளையின் நிஜமான கை வேண்டும். எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்? மிரட்டியோ காசு கொடுத்தோ பிடித்துவரக்கூடிய வீடுகளின் பிள்ளைகளைப் பிடித்தார்கள். பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள், தீண்டப்படாத சாதிப் பிள்ளைகள். மேல்சாதிக்காரர்கள் அம்மை குத்துவதை எதிர்த்ததற்கு அதுவே ஒரு காரணமாகவும் ஆனது. தாழ்ந்த சாதி உடம்பின் நீர் எங்கள் பிள்ளை உடம்பில் ஏறுவதா என்றார்கள். ஒரு பிள்ளையின் நோய் இன்னொரு பிள்ளைக்குத் தொற்றும் ஆபத்தும் அந்த முறையில் இருந்தது. மேகநோய்கூடப் பரவியது. அதற்கெல்லாம் பிறகுதான் கன்றுக்குட்டியிலிருந்து பால் எடுப்பது வந்தது. 1899-ல் தொடங்கிய கிண்டி கிங் நிறுவனத்துக்கு அதுவே முக்கிய வேலை.

ஆக, மருந்தை எடுக்க நம்ம பிள்ளை முதல் வரிசை, மருந்தைப் போட நம்ம பிள்ளை கடைசி வரிசை. தடுப்பூசியின் பாதுகாப்பு என்று யார் பேசினாலும் இந்த வரிசையிலிருந்துதான் நான் கேட்கிறேன்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். 1999-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன. 2003 முடிவதற்குள் எல்லா நாடுகளும் தடுப்பூசிக்குத் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுக்கு மாறவேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா 2005-ல் மாறத் தொடங்கியது. இந்த சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி, தண்டை முழுக்க அழுத்திவிட்டால் உள்ளே பூட்டு விழுந்துவிடும். மறுபடி இழுத்தால் வராது. இன்னொரு பிள்ளைக்குப் போடணும் என்று யார் நினைத்தாலும் முடியாது. நல்ல மனசையோ கெட்ட மனசையோ நம்பியிராத பாதுகாப்பு அது. சாதி பார்க்கிற ஒரு சமூகத்தில் இப்படிப்பட்ட பாதுகாப்புதான் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் சிரிஞ்சு பூட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடுமா? மணல்வாரி-ரூபெல்லா ஊசி மருந்து பொடியாக வரும். காசநோய்க்கான பி.சி.ஜி.யும் அப்படித்தான். அதற்கென்றே கூட வருகிற நீரில்தான் கரைக்கணும். வேறு நீரில் கரைக்கக்கூடாது. கரைத்தபின் குளிரில் வைக்கணும், நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும், மிச்சத்தைக் கொட்டிவிடணும். அந்த மருந்தில் கிருமியைத் தடுக்கும் பொருள் கிடையாது. நேரம் கடந்தால் புட்டிக்குள் கிருமி வளர்ந்து நஞ்சு கக்கும். அந்த நஞ்சு ஏறினால் சில மணி நேரத்தில் பிள்ளை போய்விடும். போட்ட ஊசிக்கு மூடியை மறுபடி மாட்டக்கூடாது. உடனே கருவியில் வெட்டணும். பிள்ளையை அரைமணி நேரம் உட்காரவைத்துப் பார்க்கணும். மூச்சுத் திணறினால் அந்த நிமிசமே தொடையில் அட்ரினலின் போடணும். இதையெல்லாம் எந்தப் பூட்டும் செய்யாது. ஒரு மனுசியின் கையும் கண்ணும் நிதானமும்தான் செய்யணும்.

அந்த மனுசியைப் பற்றிப் பேசுவோம். முன்பெல்லாம் ஆறு வாரப் பிள்ளை வந்தால் முத்தடுப்பு ஊசி ஒன்று, போலியோ சொட்டு. இப்போது அதே பிள்ளைக்கு ஒரே வருகையில் மூன்று ஊசி. ஐந்து நோய்க்கான பெண்டா ஒரு தொடையில், நிமோனியாவுக்கானது மறு தொடையில், போலியோவுக்குத் தோலுக்குள் போடும் ஊசி கையில். போக இரண்டு விதச் சொட்டு மருந்து. தோலுக்குள் போடுவது சாதாரணம் இல்லை. பத்தில் ஒரு பங்கு மில்லியை, கடுகளவு கொப்புளம் எழும்புகிற மாதிரி, திமிறுகிற பிள்ளையின் கையில் ஏற்றணும். கொஞ்சம் ஆழம் போனால் மருந்து வீண். ஊசி கூடியது நம்ம பிள்ளைகளுக்கு நல்லது. நான் வரவேற்கிறேன். போடுகிற கை கூடியதா?

சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை மையம் என்பது கணக்கு. அங்கே ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். 2023-ல் தமிழகத்தில் 2,250 கிராம சுகாதாரச் செவிலியர் இடங்களுக்கு ஆள் எடுப்பதாகத் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டது. அறிவிப்பைப் படித்தவர்கள் வேலை கிடைக்கும் என்று சந்தோசப்பட்டார்கள். எனக்கு அந்த எண்ணின் மறுபக்கம்தான் கண்ணில் பட்டது. அத்தனை இடம் காலியாகக் கிடந்திருக்கிறது. காலி இடத்துக்கு ஊசி நின்றுவிடாது. பக்கத்து மையத்து நர்சம்மா தன்னுடைய கூட்டத்தோடு அதையும் பார்ப்பார். கர்ப்பிணிக் கணக்கு, பிரசவக் கணக்கு, செல்போனில் ஏற்றவேண்டிய கணக்கு, காய்ச்சல் கணக்கு எல்லாம் அதே கையில்தான்.

எங்கள் நர்சம்மா நம்ம சனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர்த் தெருவில் அவருக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை. "ஊசி போட வீட்டுக்குள்ள விடுவாங்கண்ணே. போட்டு முடிச்சதும் தண்ணி கேட்டா, சொம்பைக் கீழ வச்சுட்டுத் தள்ளி நிப்பாங்க" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். குழு வந்த அன்றைக்கு அவரிடம் கேட்டேன்: "எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டாங்களே, சந்தோசம்தானே?" அவர் சொன்னது இது: "அண்ணே, இன்னிக்கு இருவது பிள்ளை. நான் ஒருத்தி. அவங்க வந்ததால நிதானமாப் போட்டேன். அவங்க வராத நாள்ல நாப்பது பிள்ளை வரும். அந்த நாள்ல வந்து பாக்கச் சொல்லுங்க."

இதைவிட நேர்மையான மதிப்பீட்டை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் நிறைய உதாரணம் வைத்திருக்கிறது. 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் மணல்வாரி ஊசி போட்ட 15 குழந்தைகள் செத்தார்கள். கரைக்கிற நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படுத்தும் மருந்து கலந்துவிட்டது. இரண்டு புட்டியும் ஒரே குளிர்பெட்டியில் இருந்தன. 2017-ல் தெற்கு சூடானின் ஒரு மூலைக் கிராமத்தில் நாலு நாள், சுமார் 300 பிள்ளைகளுக்கு, ஒரே சிரிஞ்சு. மருந்தைக் குளிரில் வைக்கவும் வழியில்லை. போட்டவர்களில் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள் என்று அந்த நாட்டு அரசே சொன்னது. 15 குழந்தைகள் போனார்கள். 2018 ஜூலையில் சமோவா தீவில் இரண்டு பச்சைப் பிள்ளைகள். அங்கேயும் நீருக்குப் பதிலாகக் காலாவதியான தசைத் தளர்த்தி மருந்து. இரண்டு நர்சுகளுக்கு ஐந்து ஐந்து வருசம் சிறை. நர்சுகள் உள்ளே போனார்கள், சரி. நாடு என்ன ஆனது? பயந்துபோன தாய்மார்கள் ஊசிக்கு வரவில்லை. தடுப்பூசி நூற்றுக்கு 31-க்கு விழுந்தது. அடுத்த வருசமே, 2019-ல், மணல்வாரி அந்தத் தீவுக்குள் புகுந்து 83 பேரைக் கொன்றது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஊசியின் தப்பு இரண்டு பிள்ளைகளைக் கொன்றது. ஊசி இல்லாதது அதைப்போல நாற்பது மடங்கு பேரைக் கொன்றது. இதனால்தான் ஆரம்பத்தில் சொன்னேன், இந்தத் தலையங்கத்தைப் பயத்தோடு எழுதுகிறேன் என்று.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2022 ஜூலையில் மத்தியப் பிரதேசம் சாகரில் ஒரு பள்ளிக்கூடம். கொரோனா ஊசி. முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் ஒரே சிரிஞ்சில் போட்டுவிட்டார் ஒரு பையன். அவர் நர்சிங் படிக்கிற மாணவர். பெற்றோர் பிடித்துக் கேட்டபோது, ஒரே ஒரு சிரிஞ்சுதான் கொடுத்தனுப்பினார்கள், எல்லாருக்கும் அதிலேயே போடச் சொன்னார்கள் என்றார். எச்.ஐ.வி. வந்து நாற்பது வருசம் கழித்து நடந்தது இது. அவர் செய்தது பெருந்தப்பு. முடியாது என்று சொல்லியிருக்கணும். ஆனால் யோசித்துப் பாருங்கள். போலீஸ் வழக்கு அந்த மாணவர் மேல். கொடுத்தனுப்பிய பொறுப்பில் இருந்த அதிகாரி மேல் துறை நடவடிக்கை. ஒரே தப்பின் இரண்டு முனைகளில் நின்றவர்களுக்கு இரண்டு வகைச் சட்டம். மேலிருந்து வருகிற உத்தரவுக்கு "முடியாது" என்று சொல்லும் தைரியத்தை இந்தச் சமூகம் யாருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது? கீழே இருப்பவனுக்கு வாய் திறக்க உரிமை இல்லாத இடத்தில் ஊசிக்குப் பாதுகாப்பு கிடையாது. இதை நான் நிர்வாகப் பாடமாகச் சொல்லவில்லை. சாதியின் பாடமாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் நடந்ததையும் மறக்கக்கூடாது. 2008 ஏப்ரல் 23. திருவள்ளூர் மாவட்டத்தில் மணல்வாரி ஊசி போட்ட நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்தார்கள். அந்தத் தாய்மார்களின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதன்பின் அரசு எடுத்த முடிவு என்ன? கிராமத்திலும் துணை மையத்திலும் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னிலையில்தான் போடணும் என்று உத்தரவு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. டாக்டர் பக்கத்தில் இருப்பது நல்லதுதானே?

இருக்கலாம். ஆனால் அந்த டாக்டரிடம் போக எங்கள் காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறணும். பஸ் ஊர் முனையோடு நின்றுவிடும். கைக்குழந்தை ஒன்று, இடுப்பில் இன்னொன்று. களையெடுப்புக்குப் போனால் அன்றைக்குக் கூலி. ஊசிக்குப் போனால் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் வேலையும் போச்சு. 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் எல்லா ஊசியும் முழுதாகப் போட்டிருந்தார்கள். 2015-16 ஆய்வில் அது 70-க்குக் கீழே வந்தது. முன்னால் ஓடிய மாநிலம் பின்னால் நடந்தது. இந்த ஒரு உத்தரவுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊசியைத் தூரமாக வைத்ததற்கு இந்தச் சரிவில் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். 2019-21 ஆய்வில் 89-க்கு ஏறிவிட்டது. மகிழ்ச்சி. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் விடுபட்டவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தனியாக எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு சேவையைத் தூரமாகக் கொண்டுபோய் வைப்பது, பாதுகாப்பின் செலவை நம்ம தலையில் கட்டுவது. நம்மிடம் அந்தச் செலவுக்குக் காசு இல்லை. பிள்ளைதான் இருக்கிறது.

தூரம் என்றால் கிலோமீட்டர் மட்டும் இல்லை. 2006-ல் வந்த ஆய்வு ஒன்று, 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையை அளந்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுக்கிறார்கள் என்று வந்தது. 2010-ல் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத்திலும் ராஜஸ்தானிலும் 200 தலித் குழந்தைகளிடம் பேசினார். மருந்து கொடுக்கும்போது கை படாமல் கொடுப்பது, காக்கவைப்பது, பேசுவதிலேயே காட்டும் வேற்றுமை என்று அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். தொடாமல் ஊசி எப்படிப் போடுவீர்கள், ஐயா? அவசரம் அவசரமாகப் போடுவீர்கள். பிடித்துப் பார்க்காமல், பழைய காய்ச்சலைக் கேட்காமல், அரைமணி நேரம் உட்காரச் சொல்லாமல் அனுப்பிவிடுவீர்கள். தீண்டாமையும் ஊசியின் பாதுகாப்பும் இரண்டு வேறு விசயம் இல்லை. எந்தப் படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

இனி அந்த டப்பா. வெட்டின ஊசியெல்லாம் கருவியின் டப்பாவுக்குள். சிரிஞ்சின் பிளாஸ்டிக் சிவப்புப் பைக்குள். மாலையில் அது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும். ஒழுங்காக நடந்தால் சரி. நடக்காத நாளில் பையைத் தோளில் போடுகிறவன் நம்ம தம்பி. குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பொறுக்குகிறது நம்ம பிள்ளை. நோயாளிக்குக் குத்திய ஊசி கையில் குத்தினால், தடுப்பூசி போடாத உடம்புக்கு மஞ்சள் காமாலை பி வருவதற்கு நூற்றுக்கு முப்பது வரை வாய்ப்பு. காமாலை சி நூற்றுக்கு மூன்று. எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு மூன்று. மருத்துவக் கழிவைத் தொடுகிற எல்லாருக்கும் காமாலை பி, டெட்டனஸ் ஊசி போடவேண்டும் என்று 2016 விதிகளில் எழுதியிருக்கிறது. எங்கள் பக்கம் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் கேட்டேன். "ஊசியா? எனக்கா? எனக்கு எதுக்குண்ணே, நான் என்ன கொழந்தையா?" என்று சிரித்தான். மூன்று வருசமாக அந்தப் பையைத் தூக்குகிறான். ஊர்ப் பிள்ளைகளின் தடுப்பூசிக் குப்பையைச் சுமக்கிறவனுக்கு ஒரு தடுப்பூசி இல்லை.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். ஊசியால் வருகிற கெடுதி பெரும்பாலும் தடுப்பூசியிலிருந்து வருவதில்லை. 2000-ஆம் வருசத்தில் மட்டும் பாதுகாப்பில்லாத ஊசிகளால் உலகத்தில் 2 கோடியே 10 லட்சம் பேருக்குக் காமாலை பி, 20 லட்சம் பேருக்குக் காமாலை சி, 2 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. உலகத்தில் போடும் ஊசிகளில் தடுப்பூசி இருபதில் ஒன்றுதான். மிச்சமெல்லாம் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் போடுவது. நம்ம நாட்டில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நடந்த பெரிய ஆய்வில் போடப்படும் ஊசிகளில் நூற்றுக்கு 63 பாதுகாப்பில்லாதவை என்று வந்தது. 2009-ல் குஜராத் மோடாசாவில் தனியார் மருத்துவர்கள் பழைய சிரிஞ்சையே போட்டதில் காமாலை பி பரவி எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாம என்ன பண்றோம்? தடுப்பூசி என்றால் பயப்படுகிறோம். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், மாத்திரை வேணாம்" என்று சந்து கிளினிக்கில் நாமே கையை நீட்டுகிறோம். பயத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறோம். மாத்திரையில் தீரும் நோய்க்கு ஊசி கேட்காதீர்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அம்பேத்கரும் ரமாபாயும் ஐந்து பிள்ளைகள் பெற்று நாலு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தார்கள். அத்தனை படித்த மனிதருக்கே அந்தக் காலத்தில் அந்தக் கதி. நம் பாட்டிமார் பெற்றதும் புதைத்ததும் எத்தனை என்று வீட்டுக்கு வீடு கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு நம் பிள்ளைகள் உயிரோடு நிற்பதில் ஊசிக்குப் பங்கு உண்டு. அதனால் ஊசியை விட்டுக்கொடுக்க மாட்டோம். நல்ல ஊசி, நம் வாசலில், மரியாதையோடு வேண்டும்.

தாய்மார்கள் நாலு விசயம் பாருங்கள். உறை பிரிக்காத புது சிரிஞ்சை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா? கரைத்த மருந்துப் புட்டியில் நேரம் எழுதியிருக்கிறதா? போட்டவுடன் ஊசியை வெட்டுகிறார்களா? அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்களா? சொல்லாவிட்டாலும் உட்காருங்கள். கேட்பது நம்ம உரிமை. நர்சம்மா மேல் சந்தேகப்பட்டுக் கேட்காதீர்கள், அவருக்குத் துணையாகக் கேளுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது இவை. தடுப்பூசி நாளைச் சேரியின் பால்வாடியில் நடத்துங்கள், ஊர்ப் பிள்ளைகள் அங்கே வரட்டும். வெயிலில் இவ்வளவு காலம் நாம் நடந்தோம், அவர்களும் கொஞ்சம் நடக்கட்டும். காலி இடங்களை நிரப்புங்கள். ஒரு செவிலியர் ஒரு நாளில் நிதானமாக எத்தனை பிள்ளைக்குப் போடமுடியும் என்று எல்லை வையுங்கள், கணக்கு எழுத இன்னொரு ஆளைக் கொடுங்கள். கழிவு தூக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும், காமாலை ஊசி போட்டு அட்டை கொடுங்கள். தப்பு நடந்தால் மருந்து வாங்கியது முதல் அனுப்பியது வரை மேலே இருக்கிற ஒவ்வொரு படியையும் விசாரியுங்கள். தப்பை மறைக்காமல் முதலில் சொல்கிற செவிலியரைத் தண்டிக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் மறைப்பார். பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தைக் கோர்ட் வாசலில் நிறுத்தாதீர்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: இன்றைக்கு வராத பிள்ளைகள் எந்தத் தெரு?

அன்றைக்கு ஜீப் போனபின் நர்சம்மா பதிவேட்டைப் புரட்டி, வராத பிள்ளைகளின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். ஆறு பெயர். ஆறும் காலனி. "நீங்க போற வழிதானேண்ணே, ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூன்று வீட்டில் ஆளே இல்லை, கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். இரண்டு தாய்மார் அடுத்த புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள், வந்தார்கள். ஆறாவது வீட்டில் ஒரு பாட்டி பேரனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அவ்வளோ தூரம் நாங்க வர்றதுக்கு, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவங்க இங்க வரக்கூடாதா சாமி?"

அவள் கேள்வியைத்தான் இந்த இதழின் தலையங்கமாக அச்சடித்திருக்கிறேன். தோழர்கள் அவரவர் ஊரில் இதைக் கேளுங்கள். கிடைத்த பதிலை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

ஜெய்பீம்.

ஆசிரியர்